குட்டநாட்டு வாத்து: முட்டைக்கும் வித்துக்கும் வளர்க்கும் முறை

அறுவடை முடிந்த நஞ்சை வெளிகளில், தாள் மட்டும் நின்று நீர் சிறிது தேங்கியிருக்கும் காலத்தில், நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் வாத்துகளைச் சிலர் நீண்ட மூங்கிற் கழிகளுடன் ஓட்டிச் செல்வதைக் காணாத நஞ்சை விவசாயி நம்மில் இருக்கமாட்டார். அவர்கள் இரண்டொரு நாள் தங்குவார்கள். சிந்திய நெல்லையும், நத்தையையும், புழு பூச்சிகளையும் வாத்துகள் பொறுக்கித் தின்னும். இரவில் வரப்பின் மூலையில் வலை கட்டிக் கிடை போடுவார்கள். விடிந்ததும் முட்டைகளை எடுத்துக்கொண்டு அடுத்த கிராமத்துக்குப் போய்விடுவார்கள். நிலத்துக்காரருக்கு எருவும், சிலவிடங்களில் மேய்ச்சலுக்கு ஈடாகச் சிறிது பணமோ முட்டையோ கிடைக்கும். அத்துடன் அவ்வாத்துகளைப் பற்றிய நினைவு நமக்கு அற்றுப்போகிறது. அவை எந்த ஜாதி, எங்கிருந்து வந்தன, அடுத்த ஆண்டும் அதே ஜாதி வருமா என்று விசாரிப்பவர் மிகச் சிலரே.

இம்மந்தைகளிற் சில, கேரளத்துக் குட்டநாட்டிலிருந்து லாரிகளில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டவை. அங்கே அறுவடை முடிந்து வயல்கள் நீரில் மூழ்கும் பருவத்தில், தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் உள்ள நெல்வயல்களைத் தேடி அவற்றின் சொந்தக்காரர்கள் புறப்படுகிறார்கள். ஆகவே குட்டநாட்டு வாத்தின் யோகக்ஷேமம் நம்முடைய வயல்களோடும் சம்பந்தப்பட்டதேயாகும். அந்த ஜாதியின் குணங்கள் யாவை, அது கலப்பின்றிக் கிடைப்பது ஏன் அரிதாகி வருகிறது, நிலமும் நீரும் உடைய ஒரு விவசாயி முட்டை வருமானத்தையும் இழவாமல் அதன் வித்தைக் காப்பது எங்ஙனம் என்பவற்றை இங்கு எழுதலாம்.

குட்டநாடும் அதன் வாத்தும்

குட்டநாடு என்பது ஆலப்புழை, கோட்டயம், பத்தனம்திட்டை ஆகிய மூன்று ஜில்லாக்களிற் பரவிய தாழ்ந்த பூமி. பம்பை, அச்சன்கோவில், மணிமலை, மீனச்சில் ஆகிய ஆறுகள் வேம்பநாட்டுக் காயலில் வந்து விழும் இடம். வயல்களிற் பல, கடல் மட்டத்துக்கு ஒரு மீட்டர் முதல் இரண்டு மீட்டருக்கு மேலும் தாழ்ந்தவை. வரம்பு எழுப்பி, உள்ளே நிற்கும் நீரை இறைத்து வெளியேற்றிய பின்னரே அங்கு விதைப்பு நடைபெறும். புஞ்சை என்று அவர்கள் வழங்கும் நெற்பயிர் ஐப்பசி கார்த்திகையில் விதைக்கப்பட்டு, பங்குனி சித்திரையில் அறுவடையாகிறது. (நாம் புஞ்சை என்பது வேறு; அங்கே அச்சொல் நீர் சூழ்ந்த நெல்வயலையே குறிக்கும்.) கடல் மட்டத்துக்குக் கீழே நடைபெறும் இவ்விவசாய முறையை, ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 2013-ஆம் ஆண்டில் உலகத்தின் விவசாயப் பாரம்பரியங்களுள் ஒன்றாக அங்கீகரித்தது.

இத்தகைய பூமியில் கோழிக்கு இடமில்லை. வாத்துக்கோ இதைவிடச் சிறந்த இடமில்லை. தலைமுறை தலைமுறையாக அவ்விடத்து நீரிலும் சேற்றிலும் தன் இரையைத் தானே தேடி வளர்ந்து வந்த வாத்தில் இரண்டு பிரிவுகளை அந்நாட்டார் பெயரிட்டு வழங்குகிறார்கள். ஒன்று சாரா; மற்றொன்று செம்பல்லி. சாராவின் இறகுகளிற் கறுமை மேலிட்டிருக்கும். செம்பல்லி பழுப்பு நிறமுடையது. மலையாளத்தில் சாரம் என்பது சாம்பல். செம்பல்லி என்பது ஒரு மீனின் பெயர். வயதுவந்த ஆண் வாத்தின் தலையிலும் கழுத்திலும் பச்சை கலந்த கறுப்பு நிறம் காணப்படும். வால் நுனியில் மேல்நோக்கிச் சுருண்ட இறகு இருந்தால் ஆண் என்று திட்டமாய்க் கொள்ளலாம். குரலும் ஓர் அடையாளமே. பெட்டை உரத்துக் கத்தும். ஆணின் குரல் கம்மியது.

முட்டைக்கென்றே பேர்போன வாத்து காக்கி காம்பெல் என்பது. இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷயரைச் சேர்ந்த யூலி என்னும் ஊரில், அடீல் காம்பெல் என்ற மாது, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ரன்னர், ரூவான், காட்டு வாத்து ஆகியவற்றைக் கலந்து அதனை உண்டாக்கினார். (இந்திய ரன்னர் என்று சொல்லப்படும் வாத்து, பெயரில் இந்தியா இருப்பினும், ஜாவா முதலிய தீவுகளைச் சேர்ந்தது.) நல்ல தீனியும் பராமரிப்பும் கிடைத்தால் காக்கி காம்பெல் ஆண்டொன்றுக்கு 300 முட்டை வரையில் இடும். பெங்களூருக்கு அருகிலுள்ள ஹெஸரகட்டாவின் மத்திய சர்க்கார் பண்ணையிலிருந்து அதன் குஞ்சுகள் பல இடங்களுக்கும் பரவின. நாட்டு வாத்து அத்தனை முட்டை இடாது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் 300 என்னும் கணக்கு, வேளை தவறாமல் தீனி வைத்து வளர்க்கப்பட்ட பறவையின் கணக்கு. தீனிச் செலவைக் கழித்து எஞ்சுவதை எழுதிப் பார்த்தவர்களே இரண்டையும் ஒப்பிடத் தகுதியுடையவர்கள். வெயிலிலும் மழையிலும் நாளெல்லாம் நடந்து, நத்தையும் சிந்திய நெல்லும் தின்று, அதனை முட்டையாக்கித் தரும் வாத்துக்கு வேறு கணக்கு உண்டு.

வித்து கலப்பது எவ்வாறு

மந்தைக்காரர் தம் வாத்துகளிலிருந்தே அடுத்த தலைமுறையை எடுப்பது பெரும்பாலும் இல்லை. அவர் ஊர் ஊராய்ச் செல்பவர். அடைவைப்பதற்கு அவருக்கு இடமும் இல்லை, அவகாசமும் இல்லை. குஞ்சு பொரிக்குமிடத்திற்குச் சென்று ஒரு நாள் குஞ்சுகளை ஆயிரக்கணக்கில் வாங்குகிறார். பொரிப்பவரோ பல மந்தைகளின் முட்டைகளைச் சேர்த்து வாங்குகிறார். ஒரே நீரில் இரண்டு மந்தைகள் இறங்கினால் ஆண் வாத்துக்கு ஜாதி வித்தியாசம் தெரியாது. இறைச்சிக்காக வந்த வெள்ளை வாத்தின் கலப்பும், காக்கி காம்பெல் கலப்பும் இவ்விதமாய் நுழைந்துவிடுகின்றன. முதற் கலப்பு கண்ணுக்குப் பருமனாகவும் முட்டைக்குக் குறைவின்றியும் இருப்பதால் யாருக்கும் சந்தேகம் தோன்றுவதில்லை. அடுத்த தலைமுறைகளில் ஒன்று ஒருவிதமாகவும் மற்றொன்று வேறுவிதமாகவும் பிறக்கின்றன. நடை தளர்ந்தவையும், தானே இரை தேடாமல் வரப்பில் நின்று தீனியை எதிர்பார்ப்பவையும் தோன்றுகின்றன. பழைய வாத்து வேண்டுமென்று அப்போது தேடினால் கிடைப்பதில்லை. சன்யாசி, கீரி என்று பெயர் வழங்கும் நம் தமிழ்நாட்டு நாட்டு வாத்துகளுக்கும் இதே ஆபத்துத்தான்.

இதனினும் கொடியது பறவைக் காய்ச்சல். 2014-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் குட்டநாட்டு வாத்துகளில் இந்நோய் உறுதிசெய்யப்பட்டு, நோய்ப்பட்டவையும் சுற்றுப்புறத்தில் இருந்தவையுமாய் லக்ஷக்கணக்கில் பறவைகள் கொல்லப்பட்டன. பின்னர் 2016, 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளிலும் அதே பிரதேசத்தில் நோய் தோன்றியது. 2024 மே மாதத்தில், பத்தனம்திட்டை ஜில்லாவில் நிரணம் என்னுமிடத்திலுள்ள சர்க்கார் வாத்துப் பண்ணையிலேயே நோய் கண்டது. நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் வளர்ப்புப் பறவைகள் அனைத்தையும் அழிப்பது விதி. நோய் பரவாமல் இருக்கவும், மனிதருக்குத் தொற்றாமல் இருக்கவும் இவ்விதி அவசியம்; அதனைக் குறைகூறுவதற்கில்லை. அழிந்த பறவைக்கு நஷ்டஈடும் உண்டு. எனினும் பணத்தைக் கொண்டு வேறு வாத்து வாங்கலாமேயன்றி, அந்த வாத்தையே வாங்க முடியாது. ஒரு ஜாதியின் வித்து முழுவதும் ஒரே தாழ்ந்த நிலப்பரப்பில் நெருங்கி இருப்பதும், அவ்விடத்திலேயே நோய் திரும்பத் திரும்ப வருவதும் எத்தகைய நிலைமை என்பதை வாசகர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். விதை நெல் முழுவதையும் ஒரே குதிரில் போட்டு வைப்பவர் எவருமில்லை.

ஆகவே, ஒன்றுக்கொன்று தூரமான கிராமங்களில், ஓரிடத்தில் நிலைத்து வாழும் விவசாயிகள் சிறு சிறு வித்து மந்தைகளை வைத்திருத்தல் வேண்டும். மந்தைக்காரரால் இது இயலாது. கிணறும், சிறு குட்டையும், வீட்டுக்கருகில் வேலி சூழ்ந்த நிலமும் உடையவர்க்கு இது இயலும். தர்மத்துக்காகச் செய்ய வேண்டியதும் அன்று. உண்ணும் முட்டைக்குக் கிடைக்கும் விலையைவிடக் கருவுள்ள வித்து முட்டைக்கும், ஒரு நாள் குஞ்சுக்கும் அதிக விலை உண்டு. எஞ்சிய முட்டைகள் எப்போதும் போல விலையாகும்.

மந்தையைத் தேர்ந்தெடுத்தல்

தொடக்கத்துக்கு 30 பெட்டையும் 5 ஆணும் போதும். ஆறு முதல் எட்டுப் பெட்டைகளுக்கு ஓர் ஆண் என்பது கருவுள்ள முட்டைக்கு ஏற்ற விகிதம். ஆண்கள் அதிகமானால் பெட்டைகளை ஓயாமல் துரத்திக் காயப்படுத்தும். நீரில் அமிழ்த்திக் கொல்வதும் உண்டு. குறைந்தால் முட்டைகள் வெறுமையாகும். ஆயினும் வித்து மந்தையில் ஆண்களை மிகக் குறைப்பதில் வேறொரு கேடு இருக்கிறது. 30 பெட்டைக்கும் ஓர் ஆணே தகப்பனானால், பிறக்கும் குஞ்சுகள் யாவும் ஒரு தகப்பன் மக்கள். கணக்கிட்டுப் பார்த்தால் அந்த 31 பறவைகளும், உறவுக் கலப்பைப் பொறுத்தவரையில், ஆணும் பெண்ணும் சமமான நான்கு பறவைகளுக்கும் குறைந்த மந்தைக்கே சமானமாகும். 5 ஆண்கள் இருந்தால் 17 பறவைகளுக்குச் சமானம். இரண்டு கிராமத்தார் ஆண்டுக்கொரு முறை இரண்டிரண்டு ஆண்களை மாற்றிக்கொண்டால் இன்னும் விசேஷம். மாற்றிக்கொண்ட வாத்தை உடனே மந்தையில் விடாமல் மூன்று வாரம் தனியே வைத்துப் பார்ப்பது நலம்.

குஞ்சுப் பருவத்தில் தேர்ந்தெடுப்பது வீண். நான்கு மாதம் கடந்த பிறகு, மேய்ச்சலில் இருக்கும்போதே பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கொட்டிலில் எல்லா வாத்தும் அழகாகத்தான் இருக்கும். காலையில் திறந்துவிட்டதும் முந்திச் செல்வது எது, நடுப்பகலில் மற்றவை நிழலில் ஒதுங்கியபோதும் சேற்றில் மூக்கை விட்டுத் துழாவிக்கொண்டிருப்பது எது என்று நான்கைந்து நாள் கவனித்தால் போதும். வெள்ளை இறகு கலந்தவற்றையும், உடல் மிகப் பருத்து நடை தளர்ந்தவற்றையும் விலக்கிவிட வேண்டும். பார்க்க அழகாயிருக்கிறதென்று ஒரு கலப்பு ஆணை வைத்துக்கொண்டால், இரண்டு ஆண்டின் உழைப்பு அதனோடு போகும். வாத்தைப் பிடிக்கும்போது காலைப் பற்றக் கூடாது. கோழியைப்போல் அன்று, வாத்தின் கால் எளிதில் முறியும். கழுத்தை மெல்லப் பிடித்து, மற்றொரு கையை உடலின் கீழே கொடுத்துத் தூக்க வேண்டும்.

இடமும் நீரும்

இரவில் அடைக்கும் கொட்டிலுக்குப் பெரிய செலவு வேண்டுவதில்லை. ஒரு வாத்துக்கு 3 சதுர அடி, மேட்டுத் தரை, மழைச் சாரல் படாத கூரை, நரி, நாய், கீரிப்பிள்ளை நுழையாத தட்டி. தரையில் உமியோ நறுக்கிய வைக்கோலோ பரப்பி, நனைந்தபோதெல்லாம் மாற்ற வேண்டும். வாத்து நீரில் வாழும் பறவையானாலும் ஈரத்தில் படுத்தால் கெட்டுப்போகும்; பலர் இதனை நம்புவதில்லை.

குளம் இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. தலையை முழுதும் அமிழ்த்தி மூக்கையும் கண்ணையும் கழுவிக்கொள்ளும் அளவு நீர், அதாவது 5, 6 அங்குல ஆழம், தொட்டியில் இருந்தாலே முட்டைக்குப் போதும். அவ்வசதி இல்லாவிடில் கண்களில் பொருக்குக் கட்டிக்கொள்ளும். நெடுநாள் தேங்கி அழுகிய குட்டை, குளமே இல்லாததைவிடக் கெடுதல். செத்த மீனும் தழையும் அழுகும் நீரில் உண்டாகும் நஞ்சினால் வாத்துகளின் கழுத்து துவண்டு, அவை கூட்டமாய் மடியும். பூச்சிமருந்து தெளித்த வயலிலும், அவ்வயலிலிருந்து வடியும் நீரிலும் வாத்துகளை விடவே கூடாது.

தீனி

மேயும் வாத்துக்குக் காலையில் சிறிதும் மாலையில் சிறிதும் போதும். மேய்ச்சல் இல்லாத காலத்தில் கொட்டிலிலேயே வளர்த்தால், ஒரு வாத்துக்கு நாளொன்றுக்கு 120 முதல் 170 கிராம் வரையில் தீனி வேண்டும். நொய், கம்பு, கேழ்வரகு ஆகிய தானியங்களில் கிடைப்பது, அரிசித் தவிடு, எள்ளுப் பிண்ணாக்கு, உப்பில்லாத கருவாட்டுத் தூள், சிப்பி ஓடு ஆகியவற்றைச் சேர்க்கலாம். முட்டையிடும் வாத்தின் தீனியில் நூற்றுக்கு 16 முதல் 18 பங்கும், குஞ்சின் தீனியில் 20 முதல் 22 பங்கும் புரதச் சத்து இருத்தல் வேண்டும். உலர்ந்த மாவாக வைத்தால் வாத்து விழுங்கத் திணறும். நீர் தெளித்துப் பிசறி, அந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் வைக்க வேண்டும். மிஞ்சிப் புளித்ததை மறுவேளைக்கு வைக்கலாகாது. வயலிலும் வாய்க்காலிலும் கிடைக்கும் நத்தைகளை நசுக்கிப் போட்டால் புரதத்துக்கும் சுண்ணாம்புக்கும் அதனினும் மலிவானது இல்லை.

கடலைப் பிண்ணாக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. நம் நாட்டில் அது எளிதிற் கிடைப்பதாலும், மாட்டுக்கு வைத்துப் பழகியதாலும், வாத்துக்கும் அதனையே வைக்கிறார்கள். ஈரம்பட்ட கடலையிலும் பிண்ணாக்கிலும் வளரும் ஒருவகைப் பூஞ்சை, அப்லாடாக்ஸின் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது. இந்நஞ்சு கண்டறியப்பட்டதற்கே கடலைப் பிண்ணாக்குத்தான் காரணம். 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லக்ஷத்துக்கு மேற்பட்ட வான்கோழிகளும், அவற்றோடு வாத்துக் குஞ்சுகளும், காரணம் தெரியாமல் மடிந்தன. பிரேஸில் தேசத்திலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் இந்நஞ்சு இருந்தது பின்னர் தெரியவந்தது. வளர்ப்புப் பறவைகளில் வாத்துக் குஞ்சைப்போல் இதற்கு விரைவில் இரையாவது வேறில்லை. ஆராய்ச்சிச் சாலைகளில் நஞ்சு உண்டா இல்லையா என்று சோதிப்பதற்கே வாத்துக் குஞ்சுகளை உபயோகித்து வந்தார்கள். மாடு தின்று தாங்கும் பிண்ணாக்கு வாத்தைக் கொன்றுவிடும். கொல்லாவிட்டாலும் ஈரல் கெட்டு முட்டை நின்றுவிடும். வெயிலில் காயவைத்தாலும் வேகவைத்தாலும் இந்நஞ்சு நீங்காது. ஆகையால் வாத்துக்குக் கடலைப் பிண்ணாக்கை அறவே விலக்கி, எள்ளுப் பிண்ணாக்கை வாங்குவதே உத்தமம். மக்காச்சோளத்திலும் இப்பூஞ்சை பிடிக்குமாதலால், பூசணம் நாறும் தானியம் எதுவாயினும் கொட்டிலுக்குள் வரலாகாது.

முட்டையும் அதன் நேரமும்

ஐந்து, ஆறு மாதத்தில் வாத்து முட்டையிடத் தொடங்கும். கோழியைப்போல் இரண்டாம் ஆண்டில் அதிகம் தளர்ந்துவிடாது. இரண்டாம் ஆண்டும் லாபகரமாகவே முட்டையிடும். முட்டைகளில் பெரும்பாலானவை விடியற்காலத்திலிருந்து காலை 9 மணிக்குள் இடப்படுகின்றன. விடிந்ததும் திறந்துவிடுகிறவர்கள் தங்கள் முட்டைகளை வாய்க்காலிலும் வயலிலும் இட்டுவைக்கச் செய்கிறார்கள். பிறகு வாத்து முட்டையிடவில்லை என்று குறைப்படுகிறார்கள். மாடு மேய்க்கும் சிறுவர்களைக் கேட்டால் உண்மை தெரியும். 9 மணிக்குமேல் திறப்பது என்னும் ஒரே மாற்றத்தினால் முட்டைக் கணக்கு உயர்ந்ததைப் பலர் கண்டிருக்கிறார்கள். மூன்று வாத்துக்கு ஒன்றாக, ஓரடி அகலமுள்ள தாழ்ந்த பெட்டிகளில் வைக்கோல் இட்டுச் சுவரோரமாய் வைத்தால் முட்டை சேறுபடாது.

வாத்து பயந்த சுபாவமுள்ளது. நாய் நுழைந்தாலும், கொட்டிலை மாற்றினாலும், வழக்கமாய்த் தீனி வைக்கும் ஆள் மாறினாலுங்கூட முட்டை சில நாள் நின்றுவிடுவதுண்டு. பகல் குறுகும் மாதங்களில் காலையிலும் மாலையிலும் சிறிது விளக்கு வைத்து, வெளிச்சத்தை 14 மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்தால் முட்டை தொடர்ந்து வரும். நாள்தோறும் எத்தனை முட்டை, எவ்வளவு தீனி என்று ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதி வருவது இன்றியமையாதது. உண்ணும் முட்டையை நன்றாய் வேகவைத்தே உண்ண வேண்டும். சேற்றிற் கிடந்த வாத்து முட்டையின் வழியாக வயிற்று நோய்க் கிருமிகள் வருதல் கூடும்.

அடைவைத்தலும் குஞ்சு வளர்த்தலும்

முட்டைக்கென வளர்க்கப்படும் நாட்டு வாத்து பெரும்பாலும் அடைகாப்பதில்லை. குட்டநாட்டிலும் நம் பக்கத்திலும் தொன்றுதொட்டு அடைக்கோழியின் கீழேயே வாத்து முட்டைகளை வைத்து வந்திருக்கிறார்கள். சிறு மந்தைக்கு இன்றும் இதுவே ஏற்றது. கோழி முட்டைக்கு 21 நாள். வாத்து முட்டைக்கு 28 நாள். இந்த ஏழு நாள் வித்தியாசத்தில்தான் எல்லாக் கஷ்டமும் இருக்கிறது.

இதை எழுதுபவன் முதன்முதலில் அடைவைத்தபோது ஆசை மிகுதியால் ஒரு சிறு நாட்டுக் கோழியின் கீழே 14 வாத்து முட்டைகளை வைத்தான். ஓரத்து முட்டைகள் நாள்தோறும் வெளியே தெரிந்தன; கோழி அவற்றை உள்ளே தள்ளும்போது வேறு சில வெளியே வந்தன. இவ்வாறாக எல்லா முட்டைகளும் முறைவைத்துக் குளிர்ந்தன. 22-ஆம் நாள் கோழியும் சலித்து எழுந்து போய்விட்டது. உடைத்துப் பார்த்தபோது இறகு முளைக்கும் பருவத்துக் குஞ்சுகள் உள்ளே இறந்திருந்தன. அடுத்த முறை எட்டே முட்டைகள் வைத்து, கோழிக்குத் தீனியும் நீரும் கைக்கெட்டும் தூரத்தில் இருட்டறையிலேயே வைத்ததில் ஆறு குஞ்சுகள் வெளிவந்தன. எட்டு, மிகப் பெரிய கோழியாயின் பத்து, அதற்குமேல் வேண்டாம்.

அடைக்கு வைக்கும் முட்டை ஏழு நாளுக்கு மேற்பட்டதாய் இருக்கலாகாது. மிகப் பெரியதும், மிகச் சிறியதும், ஓடு கீறியதும் ஆகா. அழுக்கு முட்டையைக் குளிர்ந்த நீரில் கழுவி வைப்பதைவிட, சுத்தமான முட்டையைப் பொறுக்கி வைப்பது மேல். தாய் வாத்து அடைகாக்குமானால் நீரில் இறங்கி நனைந்த இறகுடன் வந்து முட்டையின்மேல் அமரும். கோழி அப்படிச் செய்வதில்லை. ஆதலால் இரண்டாம் வாரத்திலிருந்து நாள்தோறும் ஒரு முறை வெதுவெதுப்பான நீரை முட்டைகளின்மேல் லேசாய்த் தெளிக்க வேண்டும். ஏழாம் நாள் இரவில் விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, நரம்பு ஓடாமல் தெளிந்திருப்பவற்றை நீக்கிவிடலாம். ஆண் வாத்துகளின் திறமையும் அன்று தெரிந்துபோகும்.

குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் 30 முதல் 32 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் வேண்டும். பிறகு வாரந்தோறும் 3 டிகிரி குறைக்கலாம். கோழியோடு இருந்தால் இக்கவலை இல்லை. மூன்று நான்கு வாரம் ஆகும்வரை ஆழமான நீரில் விடக் கூடாது. தூவி நனைந்து குளிர்ந்து இறக்கும். குஞ்சுகள் நீரைக் கண்டு இறங்கிவிட, கரையில் நின்று கோழி படும் பாட்டைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இதனை நினைவில் வைக்க வேண்டும். வெறும் சோறு போட்டு வளர்க்கும் குஞ்சுகள் இரண்டு மூன்று வாரத்தில் கால் வளைந்து நடக்கமாட்டாமல் விழுகின்றன. இது தொற்று நோயன்று. நயாஸின் என்னும் உயிர்ச்சத்தின் குறைவு. கோழிக் குஞ்சைவிட வாத்துக் குஞ்சுக்கு இச்சத்து அதிகம் வேண்டும். தவிடு, சிறு மீன், ஈஸ்ட் ஆகியவற்றைச் சேர்த்தால், ஆரம்பத்திலேயே கவனிக்கப்பட்டவை எழுந்து நடக்கும்.

வாத்துக்கு வரும் கொள்ளை நோய்களில் வாத்துப் பிளேக்கும் காலராவும் முக்கியமானவை. இரண்டுக்கும் தடுப்பு மருந்து உண்டு. காலராவுக்கு ஏறக்குறைய நான்காம் வாரத்திலும், பிளேக்குக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள்ளும் போடுவது வழக்கம். கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவித்தால் மந்தை முழுவதற்கும் ஒரே நாளில் போட்டுவிடலாம்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியது

பறவைக் காய்ச்சலுக்குச் சிகிச்சை கிடையாது. பரவாமல் தடுப்பதற்கு நேரமே பிரதானம். 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்று நோய்த் தடுப்புச் சட்டப்படி, நோய் இருப்பதாகச் சந்தேகிக்கும் சொந்தக்காரர் அதனைக் கிராம அதிகாரிக்கோ பஞ்சாயத்துப் பொறுப்பாளருக்கோ தெரிவிக்கக் கடமைப்பட்டவர். அவ்வாறு தெரியவந்ததை அருகிலுள்ள கால்நடை மருத்துவருக்கு எழுத்து மூலமாய்த் தெரிவிப்பதற்கு உரியவர் கிராம அதிகாரி. ஊர் எல்லையில் தங்கியிருக்கும் மந்தைக்காரர் வேற்றூர்க்காரர். யாரிடம் சொல்வதென்று அறியார். சொன்னால் மந்தை அழிக்கப்படும் என்ற அச்சமும் உண்டு. இரவோடிரவாக அடுத்த ஊருக்குப் போய்விடுவதே அவருக்கு எளிய வழியாய்த் தோன்றும். போகும் வழியெல்லாம் நோயும் போகும். ஆகையால் மந்தை ஒன்று ஊர் வயலில் இறங்கினால், எங்கிருந்து வந்தது, எத்தனை வாத்து, எத்தனை நாள் தங்கும் என்று விசாரித்துக் குறித்துக்கொள்வதும், வாத்துகள் திடீரென்று மொத்தமாய் மடிந்தாலும், தலை நடுங்கிச் சுழன்று விழுந்தாலும் தம்மிடம் அஞ்சாமல் சொல்லலாம் என்று அவருக்கு எடுத்துரைப்பதும், அழிக்க நேர்ந்தால் நஷ்டஈடு உண்டு என்பதைத் தெரிவிப்பதும் கிராம அதிகாரிகளால் இயலும் காரியங்கள். இறந்த பறவைகளை வெறுங்கையால் தொடவோ, வாய்க்காலில் எறியவோ, கறிக்கு விற்கவோ யாரையும் விடலாகாது.

வித்து மந்தை வைத்திருப்பவர்கள், ஊருக்குள் வேறு மந்தை வரும் நாட்களில் தங்கள் வாத்துகளை வெளியே விடாமல் கொட்டிலிலேயே நிறுத்தித் தீனி வைக்க வேண்டும். நோய்க்காகவும் இது வேண்டும், கலப்புக்காகவும் வேண்டும். வெளி மந்தை மேய்ந்த வயலிலும், அதன் வடிகாலிலும் மூன்று வாரம் கழிந்த பின்னரே இறக்கலாம். தவறி ஒரு நாள் இரண்டு மந்தைகளும் கலந்துவிட்டால், அன்றிலிருந்து மூன்று வாரம் வரையில் இடப்படும் முட்டைகளை அடைக்கு வைக்காமல் உண்ணும் முட்டையாகவே விற்றுவிட வேண்டும். அயல் ஆணின் கரு அத்தனை நாள் பெட்டையின் உடலில் தங்கியிருத்தல் கூடும்.